காண்டல் என்னும் அளவை

மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் சென்னைக்கு ரயிலில் வரும் தமிழர்களுக்கு ரேணிகுண்டா நிலையம் புதியதன்று. வண்டி அந்நிலையத்தை நெருங்கும்போது சேஷாசல மலைத்தொடர் கண்ணுக்குத் தோன்றும். உறங்கிக்கொண்டிருந்த பெரியவர்கள் எழுந்து கைகூப்புவர். குழந்தைகளை எழுப்பி, அதோ ஏழுமலை என்று காட்டுவர். சற்று நேரத்தில் வண்டி நகர்ந்துவிடும், மலையும் மறைந்துவிடும். நாமும் அவ்வாறு பன்முறை வணங்கிக் கடந்திருக்கிறோம். வணங்கியது உண்மை. கண்டது எவ்வளவு என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால் விடை கூறுவது எளிதன்று. அதே நிலையத்திலிருந்து சில மைல் தொலைவில், இந்தியாவின் மிகப் பழைய சிவலிங்கங்களுள் ஒன்று நிற்கும் சிற்றூர் இருக்கிறது என்பதைக்கூட நாம் நெடுங்காலம் அறிந்தோமில்லை.

அறிவு பெறும் வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். காண்டல், கருதல், உரை என்பவை அவற்றுள் தலையாயவை. கண்ணால் காண்பது முதலாவது. கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது இரண்டாவது. நம்பத்தக்கோர் சொல்லைக் கொள்வது மூன்றாவது. காண்டலுக்கு இவ்வளவு உயர்ந்த இடம் அளித்த அதே தமிழ் மக்கள்தாம், கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியையும் வழங்குகின்றனர். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. வெறும் பார்வை வேறு. முறையாகக் காண்பது வேறு. உரிய இடத்துக்கு நேரில் செல்லவேண்டும். அங்குள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். ஒருமுறை கண்டதோடு நில்லாது மீண்டும் சென்று காணவேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, காண்பவன் தன் மனத்தில் எதை விரும்பிச் சென்றான் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். இந்நான்கும் கூடும்போதுதான் காண்டல் ஓர் ஆராய்ச்சி முறை ஆகின்றது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் வரலாறு இதற்கு ஒரு நல்ல பாடம்.

அப்பகுதியின் எல்லைகள் பலமுறை மாறியவை. 1911-ஆம் ஆண்டு வரை சித்தூர் நகரம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளில், வட ஆர்க்காட்டின் சில தாலுகாக்களையும், கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும், காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் முதலிய ஜமீன்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துக்கு வந்தது; சத்தியவேடு பகுதி சித்தூரோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு இடம் மாறினும் மலையும் ஏரியும் கோயிலும் மக்களும் அங்கேயே இருந்தனர். அவர்களைக் காணச் சென்றவர்கள் யார், என்ன கண்டனர் என்பதே நம் பொருள்.

1801-இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சிக்குட்பட்டது. திருமலைக் கோயிலின் நிருவாகமும் அவர்கள் கைக்கு வந்தது. புதிய ஆட்சியாளருக்கு அந்நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே கேட்டனர், எண்ணினர், எழுதினர். சித்தூரிலிருந்த கலெக்டர் ஸ்டிராட்டன் 1803-இல் கோயிலின் பூசைகள், செலவுகள், நிலங்கள் ஆகியவற்றை விவரமாகத் தொகுத்து வருவாய் வாரியத்துக்கு அறிக்கை அனுப்பினார். 1821-இல் புரூஸ் என்பவர், நெடுங்கால வழக்கங்களை ஆதாரமாகக் கொண்டு 42 விதிகள் அடங்கிய நிருவாகத் தொகுப்பு ஒன்றை வகுத்தார். இவ்வறிக்கைகள் இன்றும் வரலாற்று மாணவர்க்குப் பெரிதும் பயன்படுகின்றன. ஆனால் அவை எதற்காக எழுதப்பட்டன என்பதை மறத்தலாகாது. கம்பெனியாரின் கண் வருமானத்தின்மேல் இருந்தது. எனவே எந்தப் பூசைக்கு எவ்வளவு செலவு என்பது அவர்கள் ஏட்டில் உண்டு; மலையேறி வந்த ஏழைக் கிழவி என்ன நினைத்து வந்தாள் என்பது அதில் இல்லை. கேளாத கேள்விக்கு ஏட்டில் விடை கிடைப்பதில்லை.

அதே காலத்தில் வேறு ஒரு நோக்கத்தோடு ஊர் ஊராகச் சென்றவர்களும் உண்டு. நில அளவைத் துறையில் பணிபுரிந்த காலின் மெக்கன்ஸி என்பவரும், அவருக்குத் துணையாயிருந்த காவலி வேங்கட போரய்யா, காவலி வேங்கட லட்சுமய்யா என்னும் சகோதரர்களும் அவர்களுட் சிறந்தவர்கள். கர்ணங்களிடமிருந்த கைபீதுகளைப் படியெடுத்தும், கோயிற் சுவர்களிலிருந்த எழுத்துக்களைப் பெயர்த்தெழுதியும், முதியோர் கூறிய கதைகளைக் குறித்தும் தென்னாட்டின் நினைவு முழுவதையும் ஒரு களஞ்சியமாக்கினர். மெக்கன்ஸி 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக நியமனம் பெற்று, 1821-இல் காலமானார். அவர் தொகுப்பின் பெரும்பகுதி சென்னையில் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. பெயர் அவருடையதாயினும், ஊர் மக்களின் மொழியறிந்து, அவர்களோடு திண்ணையில் அமர்ந்து கேட்டவர்கள் அந்தத் தெலுங்குச் சகோதரர்களும் அவர்களைப் போன்ற உதவியாளர்களுமே ஆவர்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். 1816-இல் ஏ. டி. காம்பெல் என்னும் ஆங்கில அதிகாரி சென்னையில் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அந்நூலின் முன்பகுதியில் எப். டபிள்யூ. எல்லிஸ் எழுதிய குறிப்பு ஒன்றும் இடம்பெற்றது. எல்லிஸ் சென்னையில் கலெக்டராயிருந்தவர். தமிழில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். தெலுங்கு, தமிழ், கன்னட மொழிகளின் வேர்ச்சொற்களை வரிசையாக எடுத்துவைத்து ஒப்பிட்டு, இம்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தம்முள் உறவுடைய தனிக் குடும்பம் என்று அவர் காட்டினார். கால்டுவெல் பாதிரியாரின் ஒப்பிலக்கணம் 1856-இல் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இக்கருத்து அச்சேறியது. எல்லோர் காதிலும் நாள்தோறும் விழுந்த சொற்கள்தாம் அவை. ஒருவர் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தார். அவ்வளவே.

அதே நூலில் காம்பெல் வேறொரு செய்தியையும் எழுதியிருக்கிறார். திருப்பதியில் ஆயிரக்கணக்கான செப்பேடுகளில் தெலுங்கு இலக்கணம் பொறிக்கப்பட்டிருப்பதாக அவர் கேள்விப்பட்டார். இலக்கணம் எழுதுபவருக்கு அதைவிட இனிய செய்தி எது? அவ்வேடுகளை ஆராய்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார். ஆனால் ஏறத்தாழ எல்லாமே இறைவனைப் பற்றிய துதிப்பாடல்களாக இருந்தன. அதைக் குறித்துவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கச் சென்றார்.

அந்தத் துதிப்பாடல்கள் யாருடையவை? பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்து 1503-இல் மறைந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாருடையவையும் அவர் மகன், பேரன் ஆகியோருடையவையும் ஆகும். திருமலைக் கோயிலினுள்ளே உண்டியலுக்கு எதிரே சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிறிய கல்லறையில் அவ்வேடுகள் அடைந்து கிடந்தன. நாள்தோறும் ஆயிரக்கணக்கான அடியார்கள் அவ்வழியே சென்றனர். காம்பெலின் குறிப்புக்கு நூறாண்டு கடந்து, 1922-ஐ ஒட்டித்தான் அவை வெளியே எடுக்கப்பட்டு முறையான ஆராய்ச்சிக்கு உள்ளாயின. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை உலகுக்கு அளித்தனர். 1980-ஐ ஒட்டி எம். எஸ். சுப்புலட்சுமி அவற்றுட் சிலவற்றைப் பாடி இசைத்தட்டுகளாக வெளியிட்டார். அதன் பின்னர் அப்பாடல்கள் ஒலிக்காத தமிழர் வீடு அரிது என்று சொல்லலாம்.

காம்பெல் பொய் எழுதவில்லை; சோம்பலாகவும் இருக்கவில்லை. ஏடுகளைத் தேடி எடுத்தார், ஆராய்ந்தார், கண்டதை உள்ளபடி எழுதினார். ஆனால் அவர் தேடிச் சென்றது இலக்கணம். கையிலிருந்தது பாட்டு. தேடியது கிடைக்காதபோது, கிடைத்தது இன்னதென்று அவர் நின்று பார்க்கவில்லை. கண்ணிருந்தும் காணாமை என்பது இவ்வாறுதான் நேர்கின்றது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பிழை மிகவும் பழக்கமானது. மூலத்தில் இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் சொல்லையே படித்துவிட்டு, உண்மையில் அங்கே இருக்கும் சொல்லைத் தவறவிடுவது நாள்தோறும் நேரக்கூடியது.

செப்பேடுகளுக்கு அடுத்தபடியாகக் கற்சுவர்களைக் காண்போம். கல்வெட்டைப் படியெடுக்கும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. முதலில் கல்லின்மேல் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீர்விட்டுத் தேய்த்துப் போக்கவேண்டும். பிறகு நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, எழுத்தின் பள்ளங்களில் தாள் படியும்படி தூரிகையால் தட்டவேண்டும். தாள் சற்று உலர்ந்ததும் மைப்பொதியால் மேலே ஒற்றினால், மேடான பகுதி கறுக்கும்; எழுத்து மட்டும் வெண்மையாய் நிற்கும். இதனை மைப்படி என்பர். இதன் சிறப்பு யாதெனில், படியெடுப்பவன் தன் ஊகத்தை அதில் கலக்க இயலாது. கல்லில் பொரிந்த இடம் தாளிலும் பொரிந்தே தோன்றும். சிதைந்த எழுத்து சிதைந்தே வரும். உள்ளபடி எழுதுதல் என்னும் ஒழுக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞரும், ஆரணிப் பக்கத்தைச் சேர்ந்த வெங்கையா அவர்களும் இம்முறையைத் தென்னாட்டில் வேரூன்றச் செய்தவர்கள்.

திருமலை, திருப்பதிக் கோயில்களின் சாசனங்களைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி இவ்வாறே தொகுத்து, 1930-இல் ஓர் ஆராய்ச்சி அறிக்கை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து தேவஸ்தானத்தார் ஆறு தொகுதிகளாக அச்சாசனங்களை வெளியிட்டனர். எண்ணிக்கையில் அவை ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. பத்தாம் நூற்றாண்டில் பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்து, நிலமும் அணிகலன்களும் வழங்கிய செய்தி தமிழில் இருக்கிறது. விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். அவர் காலத்துச் சாசனங்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் காணப்படுகின்றன. தெலுங்கில் காவியம் பாடிய அம்மன்னர் காலத்திலும் கோயிற் கணக்கு தமிழிலேயே நடந்தது. அக்கணக்கரின் பட்டப்பெயர் திருநின்றவூருடையான் என்பது. சாசனந்தோறும் கடைசியில் அவர் கையொப்பம் நிற்கும்.

இச்சாசனங்களை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவை சலிப்பூட்டும். இத்தனை நற்பணம், இத்தனை மரக்கால் அரிசி, இத்தனை நாழி நெய், இத்தனை உழக்கு மிளகு, அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி என்று பட்டியல் பட்டியலாகச் செல்லும். ஆனால் பொறுமையோடு அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு சமூகமே கண்முன் தோன்றும். அடியார் ஒருவர் பணம் அளிக்கிறார். கோயிலார் அப்பணத்தை வட்டிக்கு விடுவதில்லை. கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் காலும் வெட்டச் செலவிடுகின்றனர். வறண்ட நிலம் விளைநிலமாகின்றது. அதில் மிகுந்து வரும் விளைவிலிருந்து அவ்வடியார் பெயரால் நாள்தோறும் அமுதுபடி நடக்கின்றது. நிவேதனமான பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு பணம் அளித்தவருக்கு உரியது. இதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். அவர் அதைத் தாமே உண்ணலாம். மடத்துக்கோ வழிநடைச் சத்திரத்துக்கோ அளிக்கலாம். இன்று நூற்றில் இத்தனை பங்கு என்று கணக்கிட நாம் வழங்கும் விழுக்காடு என்ற சொல், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மலைமேல் ஒருவருடைய சோற்றுப் பங்கைக் குறித்து நின்றதைக் காணும்போது மனம் நெகிழ்கின்றது. பர்ட்டன் ஸ்டைன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் இச்சாசனங்களை ஒன்றுசேர வைத்து ஆராய்ந்து, இடைக்காலக் கோயில் நீர்ப்பாசன வளர்ச்சிக்கு எவ்வாறு காரணமாயிற்று என்று 1960-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெரிய திருப்பமாக அமைந்தது. ஒரு சாசனத்தில் தோன்றாதது நூறு சாசனங்களில் தோன்றிற்று.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட சிற்றூருக்கு வருவோம். அதன் பெயர் குடிமல்லம். பரசுராமேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. அக்கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் குடிமல்லம் என்ற பெயரே இல்லை. திருவிப்பிரம்பேடு என்றே ஊர் குறிக்கப்படுகின்றது. பல்லவர், பாணர், சோழர் காலத்துச் சாசனங்கள் அங்கு உண்டு. பாணர் சாசனங்களை வெங்கையா ஆராய்ந்து வெளியிட்டார். ஆனால் கருவறையிலுள்ள லிங்கத்தை உற்றுநோக்கி உலகுக்கு அறிவித்தவர் து. அ. கோபிநாத ராவ். ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அந்த லிங்கத்தின் முன்புறத்தில் ஒரு வேடனைப் போன்ற உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. குள்ளமான உருவம் ஒன்றின் தோள்மேல் அது நிற்கிறது. கைகள் இரண்டே. வலக்கையில் தலைகீழாய்த் தொங்கும் ஆட்டுக்கிடாய், இடக்கையில் சிறு கலம், இடத்தோளில் பரசு. பூணூல் இல்லை, நெற்றிக்கண் இல்லை.

பிற்காலச் சிவவடிவங்களுக்கு உரியவை எவை என்பதை நன்கறிந்த ராவ், இங்கே இல்லாதவை எவை என்பதையும் எண்ணிப் பார்த்தார். காதணி, தலையணி, ஆடை ஆகியவற்றை வடநாட்டுப் பழைய பௌத்தச் சிற்பங்களோடு ஒப்பிட்டார். 1916-இல் வெளிவந்த தம் சிற்பநூலில், இது கிறிஸ்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டினது என்று முடிவு கூறினார். அவர் மண்ணைத் தோண்டவில்லை. கண்ணால் கண்டதையும் கருத்தால் ஒப்பிட்டதையும் கொண்டே எழுதினார். பின்னர் 1973-ஐ ஒட்டித் தொல்பொருள் துறையைச் சேர்ந்த ஐ. கா. சர்மா அங்கே அகழாய்வு நடத்தினார். இன்றுள்ள தளத்துக்குக் கீழே கல்லால் அமைந்த வேலியும், பழைய செங்கற் கட்டடத்தின் தடமும் வெளிப்பட்டன. லிங்கம் முதலில் திறந்த வெளியில் நின்றது என்ற கருத்துக்கு அவை வலுவளித்தன. காலத்தைக் குறித்து அறிஞர்களிடையே இன்றும் வேறுபாடு உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பாரும், சற்றுப் பின்னர் என்பாரும் இருக்கின்றனர். அதனால் ராவின் காட்சி பழுதுபட்டதாகாது. முடிவு மாறினும் அவர் எழுதிவைத்த வருணனை நிற்கின்றது. அடுத்தவர் அதைக் கையில் ஏந்திச் சென்று, உருவத்தோடு ஒத்துப் பார்க்க முடிகின்றது. கண்டது வேறு, கருதியது வேறு என்று பிரித்து எழுதுபவருக்கே இப்பேறு கிடைக்கும்.

கல்லைக் காண்பது ஒருவகையில் எளிது; கல் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனிதரைக் காண்பது அவ்வாறன்று. மைசூருக்கு அருகே ராம்புரா என்று தாம் பெயரிட்ட கிராமத்தில் 1948-இல் தங்கி ஆராய்ந்த எம். என். சீனிவாஸ், ஊரார் தம்மை எவ்வாறு நோக்கினர் என்பதையும் சேர்த்தே எழுதினார். 1970-இல் அமெரிக்காவில் அவர் குறிப்புகள் தீயில் எரிந்தன. நினைவிலிருந்தே அவர் எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. ஊராரோடு உண்டு உறைந்து கண்டதனாலேயே, தாள் எரிந்தபின்னும் ஊர் எரியாமல் அவர் உள்ளத்தில் நின்றது.

திருப்பதியிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மலையடிவாரத்து நகரில், கோடைக் காலத்தில், ஊர்த் தெய்வமான கங்கம்மாவுக்குச் சாத்திரை நடக்கின்றது. வேங்கடவனின் தங்கை என்று அத்தெய்வத்தைப் போற்றுவர். ஆடவர் பல வேடங்கள் புனைவதும், வேண்டுதலுக்காகப் புடவை உடுத்தி வருவதும் அவ்விழாவின் சிறப்பு. வெளியூரிலிருந்து வருபவர் கண்ணில் முதலில் படுவது அவ்வேடங்களே. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் விழா நாட்களோடு நில்லாமல், மீண்டும் மீண்டும் வந்து, பிற நாட்களிலும் தங்கி, பெண்களோடு வீடுகளில் அமர்ந்து பேசினார். 2013-இல் வெளிவந்த அவர் நூலில், தெருவில் வேடமிடும் ஆடவரோடு, வீட்டில் பொங்கலிடும் பெண்டிரும் இடம்பெற்றனர். வேடம் தரித்து ஆடவர் அடையும் நிலை பெண்டிருக்கு இயல்பாகவே உரியது என்பது அங்கே நிலவும் கருத்து என்று அவர் விளக்குகிறார். முதல் வருகையில் எவருக்கும் எளிதில் புலப்படாத பாதி இது.

மனிதரைக் காண்பதிலுள்ள இடர் அனைத்தும் ஒருங்கே வெளிப்பட்டது எல்லைப் பிரச்சினையின்போது. 1953-க்குப் பின் சித்தூர் மாவட்டத்தின் தென்பகுதிகளை முன்னிட்டுத் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் உணர்ச்சி கொந்தளித்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினர். ஆந்திரத் தலைவர்களும் தம் வழக்கை உறுதியாக எடுத்துரைத்தனர். வழக்கைத் தீர்க்க நியமிக்கப்பட்ட ஹரி விநாயக் படாஸ்கர், கிராமத்தை அலகாகவும், பெரும்பான்மையோர் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் அடிப்படையாகவும் கொண்டு, 1957-இல் தம் முடிவை அளித்தார். மக்கள்தொகைக் கணக்கே அதற்கு முதன்மையான சான்று. 1960 ஏப்ரல் முதல் நாளில் புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது.

கணக்கெடுப்பும் ஒருவகைக் காண்டலே. ஆனால் அங்கே ஓர் எண்ணின் பின்னால் எவ்வளவு வாழ்க்கை மறைந்து நிற்கின்றது என்பதை எல்லைப்புற ஊர்களில் பழகியவர் அறிவர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. தாய் பேசுவது ஒன்று, பள்ளியில் பயில்வது மற்றொன்று. அப்படிப்பட்ட குடும்பத்தலைவரிடம், உம் தாய்மொழி யாது என்று ஒரே சொல்லில் விடை கேட்டால், அவர் ஒன்றைத்தான் கூற முடியும். எல்லை வகுக்க அந்த ஒரு சொல் வேண்டியிருந்தது. அம்மக்களை அறிய அந்த ஒரு சொல் போதாது. திருமலைச் சாசனங்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலானவை தமிழில் உள்ளன என்பது காணத்தக்க உண்மை. அதை எவரும் மறைக்கவேண்டியதில்லை. அதே மலையில் அன்னமாச்சாரியார் ஆயிரமாயிரம் தெலுங்குப் பாடல்களை இசைத்ததும் உண்மையே. முதலாவதைப் பெருமையோடு எண்ணி, இரண்டாவதைக் காணாமல் விடும் தமிழனும், இரண்டாவதைப் பாடி முதலாவதை மறைக்கும் தெலுங்கனும் காம்பெலின் பிழையையே மீண்டும் செய்கின்றனர்.

காண்பவனின் மனமே காட்சியைத் திரிக்கின்றது என்பதை வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்த ஒருவர் இப்பகுதியிலேயே பிறந்தார். 1895-இல் மதனப்பள்ளியில் தோன்றிய ஜே. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், ஒரு மரத்துக்குப் பெயர் சொன்ன கணத்தில் மரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்னும் கருத்தைப் பலவாறு விளக்கினார். அவர் பெயரோடு தொடர்புடைய ரிஷிவேலிப் பள்ளியில் பறவைகளையும் மரங்களையும் உற்றுநோக்குவது மாணவர் வாழ்வின் ஒரு பகுதி. ஆராய்ச்சியாளன் தன் விருப்பத்தை முற்றிலும் அகற்றிவிட முடியுமா என்பது வேறு வினா. அது தன்னிடம் உண்டு என்று அறிந்திருப்பதே பாதி வெற்றி.

கண்ணுக்கே புலப்படாதவற்றையும் காணும் ஏற்பாடு திருப்பதிக்கு அருகில் இருக்கிறது. காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இயங்குகின்றது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே பெரிய ராடார் ஒன்று நிறுவப்பட்டது. 130 மீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் உள்ள பரப்பில் 1,024 வானலை வாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. அவை விண்ணோக்கி அலைகளை அனுப்பும். காற்றின் மெல்லிய குலைவுகளில் பட்டுத் திரும்பும் மிக நலிந்த எதிரொலியைப் பெறும். அதிலிருந்து மேலே பல மைல் உயரத்தில் காற்று எத்திசையில், எவ்வளவு விரைவாக வீசுகின்றது என்று கணிப்பர். ஒருநாள் அளவு ஒன்றையும் நிறுவாது. ஆண்டுக்கணக்கில் ஒரே முறையில் அளந்து வைத்தால்தான் பருவக்காற்றின் போக்கு விளங்கும். சுவரில் கணக்கு வெட்டிய திருநின்றவூருடையானும், காதங்கியில் அலையைக் குறிக்கும் விஞ்ஞானியும் ஒரே ஒழுக்கத்தைப் போற்றுகின்றனர் என்று சொல்வது மிகையன்று.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வொழுக்கம் புத்தகப் பொருள் மட்டுமன்று. நாம் அங்கே காண்பவராகவும் இருக்கிறோம், காணப்படுபவராகவும் இருக்கிறோம். தெற்கத்தியர் எல்லோரும் ஒரே வகை என்று அண்டை வீட்டார் எண்ணும்போது நமக்கு வருத்தம் உண்டாகின்றது. அவர்களைப் பற்றி நாம் வந்த முதல் மாதத்தில் கொண்ட கருத்தை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாற்றாமல் வைத்திருக்கிறோமா என்று நாமும் கேட்டுக்கொள்ளவேண்டும். நம் வீடுகளில் பாட்டிமார் வழங்கும் சொற்களும், பிள்ளைகள் வேற்றுமொழி கலந்து பேசும் தமிழும், அண்டை வீட்டுத் திருவிழாவும் நாளைய வரலாற்றுக்குச் சான்றுகள். அவற்றை நாளும் இடமும் குறித்து, கேட்டபடியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது எவர்க்கும் இயலும். நம் கருத்தையும் எழுதலாம். அதைத் தனியே எழுதவேண்டும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ரேணிகுண்டாவில் அரைநாள் இறங்க இயலுமாயின், ஏழுமலையை வணங்கிவிட்டுக் குடிமல்லத்துக்கும் சென்று வாருங்கள். நாம் மேலே எழுதியதை மறந்துவிட்டு, அந்த உருவத்தை முதலில் உங்கள் கண்ணால் காணுங்கள். கண்டதை எழுதிக்கொண்டு, அதன்பின் இதனோடு ஒத்துப் பாருங்கள். எங்கேனும் வேறுபடுமாயின், உங்கள் குறிப்பை அழித்துவிடாதீர்கள். இன்னொரு முறை சென்று காணுங்கள்.